லைப்ரரி புத்தகம் நோயைக் கொண்டு வருமா?

2020-ம் வருடம் ஏப்ரல், மே மாதங்களை அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டீர்கள். பால் பாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் கழுவினோம். காய்கறியை உப்பும் மஞ்சளும் போட்டு ஊற வைத்தோம். 'பேப்பர் போடற பையனை கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க' என்று எத்தனையோ வீடுகளில் உத்தரவு! ரூபாய் நோட்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தவர்கள்கூட உண்டு.

அதே வரிசையில் எழுந்த இன்னொரு சந்தேகம்தான் இது: ஊரெல்லாம் கை மாறி வருகிற லைப்ரரி புத்தகத்தை வீட்டுக்குள் விடலாமா? யாரோ இருமிக்கொண்டே படித்திருப்பார், யாரோ எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டியிருப்பார்... அதை அப்படியே குழந்தையின் கையில் கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்காக உலகம் முழுவதும் நூலகங்கள் கதவைச் சாத்தின. பிறகு, யாரும் யாரையும் தொடாமல் புத்தகம் இரவல் கொடுக்க விதவிதமான வழிகள் கண்டுபிடித்தன. ஆராய்ச்சிக்கூடங்கள் புத்தக அட்டையின் மேல் வைரஸைத் தடவிப் பரிசோதித்தன. கிடைத்த விடை, ஆரம்பத்தில் நாம் நினைத்ததற்கு நேர் எதிராக இருந்தது. அடுத்த முறை ஊரில் ஜுரம் பரவினாலும் உதவும் என்பதால் விவரமாகவே பார்க்கலாம்.

பயம் புதுசு இல்லை!

காசநோய்க் கிருமியை ஜெர்மனியின் ராபர்ட் காக் கண்டுபிடித்துச் சொன்னது 1882-ல். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிதான் நோய்க்குக் காரணம் என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். 1895-ல் அமெரிக்காவின் ஒமாஹா நகரப் பொது நூலகத்தில் வேலை பார்த்த ஜெஸ்ஸி ஆலன் என்ற பெண்மணி காசநோயில் இறந்துபோனார். 'நோயாளிகள் படித்துத் திருப்பித் தந்த புத்தகத்திலிருந்துதான் தொற்றியிருக்கும்' என்று பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான், பீதி பற்றிக்கொண்டது. 1900-ல் பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் என்ற ஊரில், குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் சிவந்து வரும் ஸ்கார்லெட் ஜுரம் பரவியபோது புத்தகம் கொடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள். இங்கிலாந்தில் 1907-ல் சட்டமே வந்துவிட்டது. தொற்றுநோய் உள்ளவர் பொது நூலகப் புத்தகத்தை எடுத்தால் அபராதம்!

புத்தகங்களை ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்தார்கள். நோயாளி வீட்டுப் புத்தகங்களைக் கொளுத்தியதும் உண்டு. இந்தப் பீதி எப்படி அடங்கியது தெரியுமா? சில நூலகர்கள் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள். 'புத்தகத்தால் நோய் வருமென்றால், தினமும் நூற்றுக்கணக்கில் புத்தகம் தொடுகிற எங்களுக்குத்தானே முதலில் வர வேண்டும்? மற்றவர்களைவிட எங்களுக்கு அதிகமாக வரவில்லையே!'

நியாயமான கேள்வி. காசநோய் பரவுவது இருமல் மூலம், காற்றின் வழியாக. மூடிய அறையில் நோயாளியோடு நெடுநேரம் இருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். புத்தகம் பாவம், அதன் மேல் பழி விழுந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 125 வருடம் கழித்து அதே பழி திரும்ப விழுந்தது.

யாரும் இல்லாத கவுன்ட்டர்

2020 மார்ச் 17-ம் தேதி அமெரிக்க நூலகச் சங்கம், பொது நூலகங்களை மூடுவதுபற்றி யோசிக்கும்படி சிபாரிசு செய்தது. ஏப்ரல் 7-ம் தேதி சிங்கப்பூரில் கட்டுப்பாடுகள் வந்தபோது அங்கேயும் நூலகங்கள் மூடப்பட்டன. பெரும்பாலான நாடுகளில் இதே கதைதான். ஆனால், திறக்கும் நேரம் வந்தபோது சிங்கப்பூருக்கு ஒரு வசதி இருந்தது. அங்கே புத்தகம் எடுக்க யாரிடமும் போய் நிற்க வேண்டியதே இல்லை. கொரோனாவுக்கு 20 வருடம் முன்பே அப்படி!

தமிழும் ஆட்சிமொழியாக இருக்கிற ஊர் அது. தமிழ்ப் புத்தகங்களும் அங்கே இரவல் கிடைக்கும். நம்மில் பலர் மகளையோ மகனையோ பார்க்கப் போகும்போது பக்கத்து நூலகத்துக்கு ஒரு நடை போய் வந்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அங்கேயும் வரிசைதான், முத்திரைதான், காத்திருப்புதான். 1998-ல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் புது முறையைப் புகுத்தினார்கள். 2002-ல் செங்காங் நூலகம் வந்தபோது, எல்லாவற்றையும் வாசகரே செய்துகொள்கிற நூலகமாகவே அதைத் திறந்தார்கள். 2014 முதல் மெஷின்கூட வேண்டாம், சொந்த செல்போனிலேயே புத்தகத்தின் பட்டைக்கோட்டைப் படம் பிடித்து இரவல் பதிவு செய்துகொள்ளலாம்.

இதன் சூட்சுமம், புத்தகத்துக்குள் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன ஸ்டிக்கர். ஆர்.எஃப்.ஐ.டி. என்று பெயர். கடுகு அளவு 'சிப்', அதைச் சுற்றி மெல்லிய உலோகக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. மெஷின் மேல் புத்தகத்தை வைத்ததும் மெஷினிலிருந்து வரும் ரேடியோ அலையே அந்த சிப்பை 'எழுப்பி விடும்'. சிப் தன் நம்பரைச் சொல்லும். நாலைந்து புத்தகத்தை அடுக்காக வைத்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படித்துவிடும். திருப்பித் தருவதும் அப்படியே. வாசல் சுவரில் தபால் பெட்டி வாய் மாதிரி ஒரு திறப்பு. ராத்திரி 12 மணிக்குக்கூடப் போட்டுவிட்டு வரலாம். போட்ட கணமே உங்கள் கணக்கில் வரவு.

'இந்த ரேடியோ அலையால் உடம்புக்கு ஏதாவது...?' என்று இழுக்கிறீர்களா? பயமே வேண்டாம். எக்ஸ்-ரே மாதிரி திசுக்களைத் துளைத்துக் கெடுக்கும் ரகம் அல்ல இது. மெட்ரோ ரயில் கார்டைத் தொட்டுவிட்டுப் போகிறோமே, அதே ஜாதிதான்.

இந்த வசதி இல்லாத ஊர்கள் என்ன செய்தன? கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். அமெரிக்காவில் 'வாசலோரச் சேவை' பிரபலமானது. வீட்டிலிருந்தே போனிலோ கம்ப்யூட்டரிலோ புத்தகம் கேட்க வேண்டும். பைக்குள் போட்டு, பெயர் எழுதி வைத்திருப்பார்கள். காரை வாசலில் நிறுத்தி டிக்கியைத் திறந்தால் ஊழியர் பையை வைத்துவிட்டுப் போய்விடுவார். பேச்சு கிடையாது, பக்கத்தில் வருவதும் கிடையாது. நியூயார்க் பொது நூலகம் 2020 ஜூலை 13-ல் 8 கிளைகளில் மட்டும் 'எடு, புறப்படு' என்று ஆரம்பித்தது. உள்ளே உட்கார்ந்து படிக்க அனுமதி இல்லை. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பள்ளி நூலகப் புத்தகங்களைக் குட்டி விமானத்தில் மாணவர் வீட்டு வாசலில் இறக்கினார்கள். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். எல்லா ஊருக்கும் சரிப்படாது!

3 நாளா, 6 நாளா?

சரி, திரும்பி வந்த புத்தகத்தை என்ன செய்வது? இங்கேதான் பெரிய குழப்பம்.

2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு எல்லோரையும் மிரட்டியிருந்தது. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 3 நாள் வரை, அட்டையில் ஒரு நாள் வரை உயிர்ப்போடு இருக்கிறது என்றார்கள். அடுத்த மாதமே ஹாங்காங் ஆய்வாளர்கள், சாதாரண அச்சுத்தாளில் 3 மணி நேரத்துக்குப் பிறகு தொற்றக்கூடிய வைரஸ் கிடைக்கவில்லை என்றார்கள். எதை நம்புவது?

நூலகங்களுக்காகவே அமெரிக்காவில் 'ரியல்ம்' என்ற திட்டம் ஆரம்பித்தது. நூலகக் கூட்டுறவு அமைப்பான ஓ.சி.எல்.சி., பாட்டெல் ஆராய்ச்சிக்கூடத்தோடு சேர்ந்து செய்தது. கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, உள்பக்கத் தாள், மேலே போடும் பிளாஸ்டிக் உறை, டி.வி.டி. பெட்டி என்று 5 பொருட்களில் வைரஸை வைத்தார்கள். ஜூன் மாதம் முடிவு வந்தது. 3 நாளில் எதிலுமே வைரஸ் தென்படவில்லை. 'அப்பாடா!' என்று பல நூலகங்கள் திரும்பி வந்த புத்தகங்களை 3 நாள் தனி அறையில் வைத்துவிட்டு அலமாரிக்கு அனுப்பின.

ஆனால், நூலகத்தில் புத்தகம் தனித்தனியாகவா கிடக்கும்? ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித்தானே வைப்பார்கள்? அதையும் பரிசோதித்தார்கள். செப்டம்பரில் வந்த முடிவு திடுக்கிட வைத்தது. அடுக்கி வைத்தால் 6 நாள் ஆன பிறகும் வைரஸின் தடயம் இருந்தது! காற்றுப் படாமல் ஈரம் காயத் தாமதமானால் கிருமியும் தாக்குப்பிடிக்கும் போலிருக்கிறது. உடனே சில நூலகங்கள் தனிமைக் காலத்தை நீட்டின. புத்தகங்களுக்கும் ஒரு வாரம் 'குவாரன்டைன்'.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'தடயம் இருக்கிறது' என்பது வேறு, 'நோய் வரும்' என்பது வேறு. ஆராய்ச்சிக்கூடத்தில் வைரஸை அளந்து, நிறையவே வைப்பார்கள். ஒருவர் புத்தகத்தின் மேல் தும்மினால் விழுவது அதில் எவ்வளவு? அதில் எவ்வளவு அடுத்தவர் விரலில் ஒட்டும்? விரலிலிருந்து எவ்வளவு மூக்குக்குப் போகும்? ஒவ்வொரு படியிலும் அளவு குறைந்துகொண்டே வரும். இதைத்தான் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் இமானுவேல் கோல்ட்மன், 2020 ஜூலையிலேயே 'லான்செட்' குழுமத்தின் மருத்துவ இதழில் எழுதினார். பொருட்களைத் தொட்டுத் தொற்றுவதைப் பற்றிய பயம் மிகைப்படுத்தப்பட்டது என்பது அவர் கட்சி.

2021 ஏப்ரலில் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அந்தப் பக்கமே வந்தது. கிருமி பட்ட ஒரு பொருளை ஒருமுறை தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. முக்கியமான வழி, மூச்சுக்காற்று. அதிலும் மூடிய அறையின் காற்று. அதன் பிறகு நூலகங்கள் புத்தகங்களைத் தனிமைப்படுத்துவதைக் கைவிட ஆரம்பித்தன.

அப்படியென்றால் தொடாமல் இரவல் கொடுத்ததெல்லாம் வீண் வேலையா? இல்லவே இல்லை! என் கணிப்பில் அது நல்ல காரியம்தான். ஆனால், அவர்கள் சொன்ன காரணம் வேறு, உண்மையில் பலன் தந்த காரணம் வேறு. புத்தகத்தைத் தொடாததால் வந்த லாபம் கொஞ்சம். ஊழியரும் வாசகரும் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் முகத்துக்கு முகம் நின்று மூச்சு விடும் அந்த ஐந்து நிமிஷம் இல்லாமல் போனதே, லாபம் அங்கேதான். நாள் முழுக்க நூறு பேர் மூச்சுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஊழியரை நினைத்துப் பாருங்கள். தெருவோரத்தில், திறந்த வெளியில் பையைக் கொடுத்தது இன்னும் நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகத்தைத் தொடவில்லை என்று பெருமைப்பட்டவர்கள் எல்லோரும், அந்த மெஷினின் கண்ணாடித் திரையை ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள்!

மைக்ரோவேவில் ஒரு நாவல்

பயம் மனிதரை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2020 ஜூனில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கென்ட் மாவட்ட நூலகத்துக்கு ஒரு புத்தகம் கருகித் திரும்பி வந்தது. கிருமியைக் கொல்கிறேன் என்று யாரோ மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துவிட்டார்கள். உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உலோகச் சுருள் இருக்கிறதே... பற்றிக்கொண்டது. 'தயவுசெய்து புத்தகத்தைச் சமைக்காதீர்கள்' என்கிற ரீதியில் அந்த நூலகம் படத்தோடு வேண்டுகோள் விட்டது.

சிரிக்காதீர்கள். சானிடைசரைப் புத்தகத்தின் மேல் பீய்ச்சுவதும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். ஆல்கஹால் மையைக் கரைக்கும், அட்டையைக் கெடுக்கும், தாளைச் சுருக்கும். புற ஊதா விளக்கு? மேல் அட்டையில் வேலை செய்யும், மூடிய பக்கங்களுக்குள் போகாது. ஜப்பான், கொரியா நூலகங்களில் பக்கங்களைக் காற்றால் படபடக்க வைத்துக்கொண்டே அந்த ஒளி பாய்ச்சும் பெட்டிகள் உண்டு. வீட்டில் அதற்கெல்லாம் அவசியம் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி உச்சி வெயிலில் காயப் போடுவதும் அளவோடு இருக்கட்டும். தாள் மஞ்சளாகி மொறமொறத்துவிடும். காற்றோட்டமான நிழலில் விரித்து வைத்தால் போதும். காகிதங்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் சொல்வது மிகச் சுலபம்: கிருமிநாசினி வேண்டாம், புத்தகத்தைச் சும்மா விட்டு வையுங்கள். கிருமி தானாகவே சாகும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவது! ரூபாய் நோட்டு எண்ணுவதில் ஆரம்பித்து நாவல் வரைக்கும் நம்மோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். கொரோனாவை விடுங்கள். வயிற்றுப்போக்கு, சளி, ஃப்ளூ என்று எத்தனையோ கிருமிகளுக்கு விரலிலிருந்து வாய்க்குப் போகும் குறுக்குவழி இதுதான். விரல் வறண்டு பக்கம் ஒட்டிக்கொள்கிறதா? தபால் ஆபீஸில் வைத்திருப்பார்களே, அந்த ஈரப் பஞ்சைத் தொட்டுக்கொள்ளலாம். அல்லது பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்துப் புரட்டிப் பழகுங்கள். தாளும் கிழியாது.

நூலகத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவினால் போதும். சானிடைசர் தடவினால் கை நன்றாகக் காய்ந்த பிறகு புத்தகத்தைத் தொடுங்கள். கெட்டி அட்டையில் வழவழப்பாக வரும் குழந்தைப் புத்தகங்கள் மட்டும் விதிவிலக்கு. பல் முளைக்கும் குழந்தை அதைப் படிக்காது, கடிக்கும்! அந்த மாதிரிப் புத்தகத்தை ஈரத் துணியில் சோப்பு தொட்டுத் துடைத்து, காய வைத்துக் கொடுக்கலாம்.

வீட்டில் யாருக்காவது ஜுரம், இருமல் என்றால் திருப்பித் தரும் தேதிக்காக அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். பொதுநல நோக்கில் சொல்கிறேன், அபராதம் சில ரூபாய்தான். பெருந்தொற்றின்போது பல நூலகங்கள் தேதியை நீட்டித்தன. போக வேண்டியே வந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டம் குறைவான நேரத்தில் போங்கள். படிக்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மேஜையைத் துடைத்தார்களா என்பதைவிட அதுதான் முக்கியம்.

உண்மையில் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கும் எதிரி வைரஸ் அல்ல. தூசியும் பூஞ்சையும்தான். மழைக்காலத்தில் பழைய புத்தகத்தைத் திறந்தால் ஒரு மக்கல் வாடை வருமே, பக்க ஓரங்களில் சாம்பல், பச்சைப் புள்ளிகள் தெரியுமே, அது பூஞ்சை. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் அந்தப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் படிக்க வேண்டாம். குழந்தையின் தலையணைப் பக்கம் வைக்க வேண்டாம். வெளியே கொண்டுபோய்த் தட்டிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். புள்ளிகள் அதிகம் என்றால் எடுக்காமல் ஊழியரிடம் காட்டிவிடுங்கள். பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும்.

மெஷின் முன்னால் தாத்தா

புத்தகம் ஆபத்து என்ற பயத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைக் கொடுத்தவர்களில் வயசானவர்கள் அதிகம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் 50 வயது தாண்டிய 3,635 பேரை 12 வருடம் கவனித்து, 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புத்தகம் படிப்பவர்களுக்கு, படிக்காதவர்களைவிட அந்தக் காலகட்டத்தில் மரண ஆபத்து 20 சதவிகிதம் குறைவாக இருந்தது. படிப்புதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு வாரம் இரண்டு புத்தகமும், அதை வாங்கப் போகிற நடையும், 'என்ன ஸார், போன தடவை எடுத்தது பிடிச்சிருந்ததா?' என்று கேட்கும் நூலகரும் சேர்ந்து எவ்வளவு பெரிய மருந்து என்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

மெஷின் அந்தக் கேள்வியைக் கேட்காது. அதனால்தான், தொற்று ஓய்ந்த பிறகும் ஆட்களை எடுத்துவிட்டு மெஷினை மட்டும் வைக்கலாம் என்கிற யோசனை எனக்கு ஒப்புதல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ம் தேதி கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. அவசரத்துக்கு வந்த ஏற்பாடு அவசரத்துக்கு இருக்கட்டும். மெஷினும் வேண்டும், பக்கத்தில் ஒரு மனுஷரும் வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பெற்றோர், மெஷினைப் பார்த்து மிரண்டு நூலகம் போவதையே விட்டுவிடுகிறார்கள். 'எனக்கு இதெல்லாம் வராதுப்பா...' என்று ஒதுங்குவார்கள். ஒரே ஒரு தடவை பேரனையோ பேத்தியையோ கூட அனுப்புங்கள். கார்டைக் காட்டுவது, புத்தகத்தை மெஷின் மேல் வைப்பது, திரையில் எல்லாத் தலைப்பும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பது, ரசீது வாங்குவது... நாலே வேலைதான். சிங்கப்பூர் மெஷின்களில் தமிழும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். தேதி அந்த ரசீதில்தான் இருக்கும். அதைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைக்க வேண்டாம், புத்தகத்தோடு அதுவும் திறப்புக்குள் போய்விடும். காலண்டர் ஆணியில் குத்தி வைக்கச் சொல்லுங்கள்.